முன்பாரம், பின்பாரம்

ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவற்றின் பதிவுச் சான்றில் ஒரே எண்தான் இருக்கும்: 3500 கிலோ. வண்டி, ஓட்டுநர், உடன் வருபவர்கள், டீசல், தண்ணீர், எரிவாயு, மெத்தை, சட்டி பானை எல்லாம் சேர்ந்து இந்த எண்ணைத் தாண்டக் கூடாது. இரும்பு அதற்குமேல் தாங்காது என்று நினைத்துவிட வேண்டாம். ஏறத்தாழ அதே அடிச்சட்டத்தில் கனத்த ஸ்பிரிங்கும் பெரிய சக்கரமும் மாட்டி 4000 கிலோவுக்கு மேல் பதிவான வண்டிகளும் உண்டு. சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய வண்டியின் உச்ச எடை 3500 என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கோடு தலைமுறைகளையும் பிரிக்கிறது. பிரிட்டனில் 1997 ஜனவரி 1க்கு முன் கார் உரிமம் எடுத்தவர்கள் 7500 கிலோ வரையிலான வண்டியை ஓட்டலாம். ஜெர்மனியில் 1999க்கு முன் எடுத்தவர்களுக்கும் அப்படியே. அவர்களுடைய பிள்ளைகளுக்கு 3500தான். ஆஸ்திரியாவின் விரைவுச்சாலைகளில் 3.5 டன் வரை கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். அதற்கு மேல் என்றால் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டணம். தனிப் பயிற்சியோ தேர்வோ முடித்தவர்கள் கார் உரிமத்திலேயே 4250 கிலோ வரை மோட்டார்ஹோம் ஓட்ட வழிசெய்யும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் நிறைவேற்றியது. நாடுகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை வாங்குபவர்கள் 3500ஐக் கேட்பார்கள். தயாரிப்பாளர்களும் எப்பாடுபட்டாவது வீட்டை அந்த எண்ணுக்குள் திணிப்பார்கள்.

நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவனை மனதில் வைத்துக்கொண்டால் அளவு தப்பிவிடும். நாம் பேசுவது அதைவிடச் சிறியது. சரக்கு வேன் ஒன்றின் முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்னால் வீடு கட்டியது. ஐரோப்பாவில் அந்த வேன் பெரும்பாலும் ஃபியட் டுக்காட்டோ. ஏழு மீட்டர் நீளம், நான்கு இருக்கைகள், நான்கு பேர் படுக்க இடம், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை. விளம்பரப் புத்தகத்தில் 'இயங்கு நிலை எடை' என்று ஓர் எண் இருக்கும். 2980 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3500இல் அதைக் கழித்தால் 520 கிலோ மிச்சம். தாராளமாகத்தான் தெரிகிறது.

இயங்கு நிலை என்றால் என்ன? 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஒருவர், 90 விழுக்காடு நிரம்பிய டீசல் டேங்க், ஓர் எரிவாயு சிலிண்டர், கொஞ்சம் தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் வேடிக்கை. டேங்க் 100 லிட்டர் பிடிக்கும். ஆனால் பல நிறுவனங்கள் 'பயண நிரப்பு' என்ற பெயரில் 20 லிட்டரை மட்டும் கணக்கில் சேர்க்கின்றன. சிலிண்டர் அலுமினியத்தில் செய்தது என்று வைத்துக் கணக்கிடுவோரும் உண்டு. கடையில் கிடைப்பது இரும்பு சிலிண்டர். சிலர் டீசல் டேங்கையே சிறிதாக்கிவிடுகிறார்கள். இவையெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை. அதோடு, தொழிற்சாலையை விட்டு வரும் வண்டி அச்சிட்ட எடையிலிருந்து 5 விழுக்காடு வரை விலகலாம் என்ற சலுகையும் இருக்கிறது. 2980க்கு 5 விழுக்காடு 149 கிலோ. ஒரு வண்டி 149 கிலோ கூடுதலாகப் பிறந்திருந்தாலும் அதன் விளம்பரப் புத்தகம் பொய் சொன்னதாகாது.

இப்போது நம் 520ஐச் செலவழிப்போம். உடன் வரும் மூவர், ஆளுக்கு 75 கிலோ: 225. மிச்சம் 295. வண்டி வாங்கும்போதே கடைக்காரர் ஆசைகாட்டி மாட்டிவிட்டவை: பக்கவாட்டுப் பந்தல் 30, கூரையில் ஏசி 30, இரண்டாவது ஈய பேட்டரி 27, சூரியத் தகடு 10, தொலைக்காட்சியும் அதன் ஆன்டெனாவும் 18. ஆக 115 போனால் 180. தண்ணீர் டேங்கை நிரப்ப இன்னும் 80 லிட்டர், அதாவது 80 கிலோ. மிச்சம் 100. இரண்டாவது சிலிண்டர், இரும்பும் வாயுவுமாக 23. மிச்சம் 77. பின்னால் தாங்கியில் இரண்டு மின்சார சைக்கிள்கள், தாங்கியோடு 65. மிச்சம் 12 கிலோ.

அந்த 12 கிலோவுக்குள் நால்வரின் துணி, போர்வை, அரிசி, பாத்திரம், மடக்கு நாற்காலிகள், மேசை, 25 மீட்டர் மின்கம்பி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஆப்புக்கட்டைகள், குழந்தையின் புத்தகங்கள் எல்லாம் அடங்க வேண்டும். ஐரோப்பிய விதி இதற்கு ஒரு தரைமட்டம் வைத்திருக்கிறது. இருக்கைகளின் எண்ணிக்கையோடு வண்டியின் நீளத்தை மீட்டரில் கூட்டிப் பத்தால் பெருக்கினால் வரும் அளவு, ஆட்கள் எடை போகச் சாமானுக்கு மிஞ்ச வேண்டும். நான்கு இருக்கை, ஏழு மீட்டர்: 110 கிலோ. ஆளுக்கு 27 கிலோ சொச்சம். பல விமான நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கே 23 கிலோ தருகின்றன. விமானத்தில் போகிறவர் நாற்காலியும் குடிதண்ணீரும் கூடவே சுமந்து போவதில்லை. நான்கு பேருக்கு என்று விற்கப்படும் 3500 கிலோ வண்டிகளில் பல, நேர்மையாகக் கணக்கிட்டால் இருவருக்கானவை என்பது என் கருத்து.

ஆகவே முதல் வேலை, சாமான்களையும் ஆட்களையும் ஏற்றியபின் எடை மேடைக்குப் போவது. செங்கல் லாரியும் பழைய இரும்பு லாரியும் நிற்கும் வரிசையில் மோட்டார்ஹோமையும் நிறுத்தலாம். ஆனால் மொத்த எடையைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பி விடுகிறார்கள் பலர். மேடையைக் கேட்க வேண்டிய கேள்விகளில் அது பாதிதான். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தி இன்னொரு சீட்டு வாங்க வேண்டும்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைகள் அச்சுக்கு முன்னால் கூடிவிட்டால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். மொத்த மூட்டை அதேதான். ஒரு மூட்டையை ஒரு முழம் நகர்த்தினால் மாட்டுக்கு மூச்சு வரும்.

மோட்டார்ஹோமில் அச்சுகள் இரண்டு. ஆனால் பின் அச்சுக்குப் பின்னால் வீடு இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டு தொங்குகிறது. அங்கே பொருள் வைக்கப் பெரிய அறை ஒன்று இருக்கும்; அதை 'கராஜ்' என்றே அழைக்கிறார்கள். கதவைத் திறந்தால் ஆள் குனிந்து நுழையலாம், ஸ்கூட்டரையே ஏற்றலாம். ஏற்றவும் செய்கிறார்கள். 120 கிலோ ஸ்கூட்டர், பின் அச்சுக்கு இரண்டு மீட்டர் பின்னால். இரண்டு அச்சுகளுக்கும் இடையே நான்கு மீட்டர். பின் அச்சின்மேல் கூடும் எடை 120 கிலோ என்றுதான் யாரும் நினைப்பார்கள். நெம்புகோல் கணக்கு வேறு சொல்கிறது. முன் அச்சிலிருந்து ஸ்கூட்டர் ஆறு மீட்டர் தொலைவில் இருக்கிறது, பின் அச்சு நான்கு மீட்டர் தொலைவில். 120ஐ ஆறால் பெருக்கி நான்கால் வகுத்தால் 180. பின் அச்சில் 180 கிலோ ஏறுகிறது. ஏறியது 120தானே, மீதி 60 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. ஸ்கூட்டர் பின் அச்சை ஊன்றுகோலாக வைத்து வண்டியின் மூக்கை 60 கிலோ அளவுக்குத் தூக்கிவிடுகிறது.

சைக்கிள் தாங்கி இன்னும் பின்னால், வெளிச்சுவரில் தொங்குகிறது. நம் 65 கிலோ, பின் அச்சுக்கு 2.6 மீட்டர் பின்னால் என்றால், பின் அச்சுக்கு அது 107 கிலோ. முன் அச்சு 42 கிலோவை இழக்கிறது.

டுக்காட்டோவின் எஞ்சின் சுழற்றுவது முன்சக்கரங்களை. திசை திருப்புவதும் அவைதான், பிரேக்கின் பெரும்பங்கை ஏற்பதும் அவைதான். சாலையைப் பிடித்துக்கொள்ளும் உராய்வு, சக்கரத்தை அழுத்தும் எடையைப் பொறுத்தது. மூக்கு தூக்கிய வண்டி ஈரப் புல்வெளியில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். மழைநாள் வளைவில் ஸ்டியரிங் திருப்பியும் நேரே போகப் பார்க்கும். 3500 கிலோ டுக்காட்டோ ஒன்றுக்கு முன் அச்சு வரம்பு 1850, பின் அச்சு வரம்பு 2000 என்று இருப்பது சகஜம். இரண்டையும் கூட்டினால் 3850 வரும். அந்த 350 கிலோ இடைவெளி, பாரத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ள இயற்பியலுக்குத் தந்த இடம். மொத்தம் 3480 காட்டி, பின் அச்சு 2050 காட்டும் வண்டிகள் இந்த இடைவெளிக்கு வெளியே போனவை. பிரிட்டனில் அச்சு வரம்பைத் தாண்டுவதும் தனிக் குற்றம். மொத்த எடைச் சீட்டை நீட்டி வாதாட முடியாது.

பின் அச்சு மிகையானால் முதலில் விலை கொடுப்பது டயர். மோட்டார்ஹோமுக்கென்றே 'சி.பி.' என்று குறியிட்ட டயர்கள் இருக்கின்றன; நின்ற இடத்திலேயே மாதக்கணக்கில் சுமை தாங்குவதற்காகப் பக்கச்சுவர் தடிப்பாகச் செய்தவை. பக்கச்சுவரில் 116 என்ற சுமைக் குறியீடு இருந்தால் ஒரு டயர் 1250 கிலோ தாங்கும் என்று பொருள், அதற்குரிய காற்று இருந்தால். நம் ஊர்ப் பெட்ரோல் பங்கில் காருக்கு 32, 33 வைப்போம். பின்புறச் சி.பி. டயருக்குப் பரிந்துரைப்பது பெரும்பாலும் 5.5 பார், அதாவது 80 பி.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு மிரண்டு காற்றைக் குறைப்பவர்கள் உண்டு. சுமையைத் தாங்குவது ரப்பரைவிட உள்ளே அடைத்த காற்று. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் கூடுதலாக வளைந்து நிமிரும். வளைத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வராது, ஒரு பங்கு வெப்பமாகத் தங்கும். கோடை நெடுஞ்சாலையில் அந்த வெப்பம் சேர்ந்து, அடுக்குகளின் ஒட்டு விட்டு, டயர் வெடிக்கும். வயதும் பார்க்க வேண்டும். டி.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். வெயிலிலும் ஓசோனிலும் விரிசல் விட்டுக் கிழடாகித்தான் சாகும்.

எடை மேடைக்குத் தெரியாத விஷயங்கள் இனிமேல்தான் வருகின்றன. ஒன்று, உயரம். வளைவில் வண்டி குடைசாயுமா என்பதை இரண்டு நீளங்கள் தீர்மானிக்கின்றன: இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதி, தரையிலிருந்து ஈர்ப்பு மையத்தின் உயரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் எண், எவ்வளவு பக்கவாட்டு விசைக்கு வண்டி சாயும் என்று தோராயமாகச் சொல்லிவிடும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கார்களுக்குக் கவிழ்தல் மதிப்பெண் போடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். சாதாரணக் காருக்கு அது 1.3 முதல் 1.5 வரை. உலர்ந்த சாலையில் டயரின் பிடிப்பு 0.8 அளவில் இருப்பதால் கார் சாய்வதற்கு முன்பே வழுக்கிவிடும்; அது ஒருவகையில் தப்பித்தல். சக்கர இடைவெளி 1.8 மீட்டர், ஈர்ப்பு மையம் 1.1 மீட்டர் உயரத்தில் உள்ள மோட்டார்ஹோமுக்கு எண் 0.82. டயரின் பிடிப்புக்கு மிக அருகில். இந்த வண்டியின் கூரைப் பெட்டியில், 2.9 மீட்டர் உயரத்தில், 100 கிலோவை ஏற்றினால் மையம் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்து எண் 0.78 ஆகிவிடும். ஐந்து சென்டிமீட்டர் என்று கேட்டால் அற்பமாகத்தான் இருக்கிறது. விளிம்பில் நிற்பவனுக்கு ஐந்து சென்டிமீட்டர் அற்பம் இல்லை.

இன்னொன்று, பரவல். நூறு நூறு கிலோவாக இரண்டு சுமைகள். நடு மையத்துக்கு இருபுறமும் அரை மீட்டரில் வைக்கலாம். மூன்று மீட்டரில், வண்டியின் இரு முனைகளில் வைக்கலாம். மொத்த எடை மாறாது, அச்சு எடைகளும் மாறா. எடை மேடை இரண்டுக்கும் ஒரே சீட்டைத் தரும். ஆனால் வண்டியைத் திருப்புவதற்கு எதிராக நிற்கும் நிலைமத் திருப்புத்திறன், தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. அரை மீட்டரில் வைத்தால் 50 அலகு. மூன்று மீட்டரில் வைத்தால் 1800. முப்பத்தாறு மடங்கு. முனைகளில் பாரம் உள்ள வண்டி திரும்பத் தயங்கும். திரும்பத் தொடங்கிவிட்டால் நிற்கவும் தயங்கும். பக்கத்தில் ஒரு பெரிய லாரி முந்திப் போகும் காற்றில் வால் ஆடும்போது, அந்த ஆட்டம் அடங்க நேரமாகும்.

இந்தக் கணக்குகள் சொல்லும் இடம் ஒன்றே: கனமானவை தரையோடு, இரண்டு அச்சுகளுக்கு நடுவே. டின் உணவு, கருவிப் பெட்டி, பானங்கள், ஆப்புக்கட்டைகள் எல்லாம் அங்கே. நடுத்தரக் கனம் இடுப்புயரத்துக்குக் கீழே. தலைக்கு மேலுள்ள அலமாரியில் துணி, ரொட்டி, தலையணை. பின் கராஜைப் பொறுத்தவரை என் யோசனை இதுதான்: பெரிய அறையாக இருப்பதாலேயே அதை நிரப்பிவிடக் கூடாது. மடக்கு நாற்காலி, பந்தல் துணி போன்ற இடத்தை அடைக்கும், எடையில்லாத பொருள்களுக்கு அது சரியான இடம்.

வைத்தால் போதுமா? கட்டவும் வேண்டும். சரக்குகளைக் கட்டும் ஐரோப்பிய விதிமுறை, முன்பக்கமாகப் பொருளின் எடையில் 0.8 பங்கும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. மிகக் கடுமையான பிரேக்கும் வளைவும் அவ்வளவு இழுக்கும் என்பதே பொருள். வழவழத்த தரையில் நிற்கும் பெட்டிக்கு உராய்வு 0.3 இருந்தாலே பெரிது. மிச்சத்தை ஒரு பட்டையோ தாழ்ப்பாளோதான் பிடிக்க வேண்டும். மோதல் என்றால் கணக்கு வேறு. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி சட்டென்று நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் அதே 80இல் முன்னால் பறக்கும். ஏறத்தாழ 25 மீட்டர், எட்டு மாடி உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது. மேசையில் மறந்து வைத்த ஒரு டின் பருப்பு ஓட்டுநரின் பின்தலைக்கு என்ன செய்யும் என்று தனியாக எழுத வேண்டாம். ஓடும் வண்டியில் கட்டிலில் படுத்து வருபவருக்கும் இதே இயற்பியல்தான். படுக்க எத்தனை இடம் இருந்தாலும், பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனையோ அத்தனை பேர்தான் பயணிகள்.

எடை கூடுவதன் முழு அர்த்தமும் மலையில் இறங்கும்போது தெரியும். 3500 கிலோ வண்டியை 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தப் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 1.1 மெகாஜூல். ஆல்ப்ஸில் ஸ்டெல்வியோ கணவாய் 2757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 1000 மீட்டர் மட்டும் கீழே இறங்கினாலும் வண்டி இழக்கும் நிலை ஆற்றல் 34 மெகாஜூல்: நெடுஞ்சாலை வேகத்திலிருந்து முப்பத்தொரு முறை நிறுத்துவதற்குச் சமம். அதை முழுக்கப் பிரேக் தகட்டில் கொட்டினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டு, மிதி தரை வரை போகும்; வண்டி நிற்காது. சிறிய கியரில் எஞ்சினே இழுத்துப் பிடிக்க வேண்டும். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு நூறு கிலோவும் அந்த 1000 மீட்டரில் ஒரு மெகாஜூலைக் கூட்டுகிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு பழைய அறிவுரை உண்டு: டேங்க் முழுதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் காலியாக இருக்கட்டும், பாதியில் அலம்பவிடாதே. கப்பலுக்கும் பால் லாரிக்கும் இது உயிர்ப் பிரச்சினை. தினமும் கழுவ வேண்டியிருப்பதால் பால் லாரியின் தொட்டிக்குள் அலையைத் தடுக்கும் குறுக்குச் சுவர்கள்கூட இருக்காது. பிரேக் பிடித்தபின் பால் வந்து மோதும். மூன்றரை டன் வண்டியில் 50 லிட்டர் அலம்பினால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. இங்கே பார்க்க வேண்டியது எடையும் இடமும். போகுமிடத்தில் குழாய் இருக்கும். வழியில் டீ போட 20 லிட்டர் போதும். பலர் கவனிக்காத ஒன்று: பாத்திரம் கழுவிய தண்ணீர் வண்டியை விட்டுப் போவதில்லை. நல்ல தண்ணீர் டேங்கிலிருந்து கழிவு நீர் டேங்குக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். முன்னது இருக்கைக்கு அடியிலும் பின்னது பின் அச்சுக்கு அருகிலும் இருக்கும் வண்டியில், முதல் நாள் சரியாக இருந்த பாரம் மூன்றாம் நாள் பின்பாரமாகிவிடும். குளிர்காலத்தில் இன்னொரு வேடிக்கை. சுடுநீர்க் கலத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரிக்கு இறங்கினால், உறைந்து கலம் வெடிக்காமலிருக்க அது தானாகத் திறந்து நீரை வெளியேற்றிவிடும். காலையில் வண்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்து ஓட்டை என்று பதறுபவர்கள் அதிகம்.

எரிவாயுவுக்கும் குளிர் தெரியும். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழே. பனிக்காலக் காலையில் அது சிலிண்டருக்குள் திரவமாகவே படுத்திருக்கும், அடுப்பு பற்றாது. புரோப்பேன் கழித்தல் 42 டிகிரியில்கூட ஆவியாகும். ஆகவே குளிர்நாடுகளுக்குப் புரோப்பேன். சிலிண்டரை நிமிர்த்திக் கட்ட வேண்டும். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் இறங்கும், திரவப் புரோப்பேன் வாயுவாகும்போது சுமார் 270 மடங்கு விரியும். இரண்டு வாயுக்களும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாது, தரையில் குளம்போலத் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் அறையின் அடியில் வெளியே திறக்கும் துளைகள் வைக்கிறார்கள். பாரம் ஏற்றும் அவசரத்தில் பழைய செருப்பு, தண்ணீர்க் குழாய், சாக்கு என்று மிஞ்சியதையெல்லாம் அந்த அறையில் திணித்துத் துளையை அடைப்பது சர்வசாதாரணம். பார்க்கிற தவறுகளில் மோசமானது இதுதான் என்பேன். வண்டிக்குள் சமையல் வாயு என்ன செய்யும் என்பதற்கு நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் பிடித்த தீ ஒன்பது உயிர்களைக் கொண்டுபோனது. அதேபோல, குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை அடைத்துவிட்டு அடுப்பை எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமற்ற அந்த வாயுவை நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிரியத்தோடு பற்றிக்கொள்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் எச்சரிக்கைக் கருவி சட்டைப்பையில் அடங்கும். எடை என்று சொல்ல ஒன்றுமில்லை.

குளிர்பதனப் பெட்டியை முந்தின இரவே ஓடவிட வேண்டும். பல மோட்டார்ஹோம்களில் இருப்பது கம்ப்ரஸர் இல்லாத பெட்டி. ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922இல் உருவாக்கிய முறை: ஒரு சிறு சுடரின் வெப்பத்தில் அம்மோனியா நீரிலிருந்து பிரிந்து, குளிர்ந்து, ஹைட்ரஜனோடு கலந்து ஆவியாகி, மறுபடியும் நீரில் கரைகிறது. அசையும் பாகம் ஒன்றும் கிடையாது. திரவத்தைக் கீழே கொண்டுபோவது ஈர்ப்பு விசை. சத்தமில்லாத இந்த அற்புதத்துக்கு இரண்டு குறைகள்: குளிர மணிக்கணக்காகும், வண்டி சாய்ந்து நின்றால் திரவம் வழியில் தேங்கிவிடும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வண்டியைச் சமமாக நிறுத்துவது தூக்கத்துக்காக மட்டும் என்று நினைப்பவர்களுக்கு, பால் திரிந்தபின் காரணம் புரியும்.

கிளம்புகிற நேரத்துச் சங்கதிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். மின்கம்பி கழற்றியாயிற்றா, படிக்கட்டு மடங்கியதா, கூரை ஜன்னல்கள் சாத்தியவையா, இழுப்பறைகள் பூட்டியவையா. வண்டியின் உண்மையான உயரத்தை, ஏசியையும் சேர்த்து அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். பாலத்தடியில் மனக்கணக்கு வேலைக்காகாது. சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி முறுக்குமானியால் சோதிக்க வேண்டும். முதல் நிறுத்தத்தில் கராஜ் கதவைத் திறந்து, எது நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பதும் நல்லது.

போகும்போது எடை மேடையில் ஏறியவர்கள் திரும்பும்போது ஏறுவதில்லை. பிரான்ஸுக்குப் போய்வரும் ஆங்கிலேயக் குடும்பங்கள் பன்னிரண்டு புட்டி ஒயின் அடங்கிய பெட்டிகளை வாங்கி வருவது வழக்கம். ஒரு பெட்டி ஏறத்தாழ 15 கிலோ. ஆறு பெட்டி வாங்கினால் 90. நம் கணக்கில் மிச்சமிருந்தது 12. கழிவு நீர் டேங்கைக் கடைசி முகாமிலேயே காலி செய்து, நல்ல தண்ணீரையும் திறந்துவிட்டால் எண்பது, தொண்ணூறு கிலோ இடம் கிடைக்கும். பெட்டிகளைக் கராஜில் அடுக்காமல், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, மேசைக்கு அடியில் தரையோடு வைத்துப் பட்டை போட்டு இறுக்கினால், பின் அச்சும் 2000க்குள் நிற்கும்.